வலிக்காத காலின் வேண்டுதல்

கயிலைக்கு நடந்துபோன அப்பருக்கு முதலில் தேய்ந்தது பாதம். பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்தப் பயணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். காசியைத் தாண்டியதும் உடன் வந்தவர்களை விட்டுவிட்டு, முதிர்ந்த வயதில், அப்பர் எனும் திருநாவுக்கரசர் தனியாக வடக்கே போகிறார். கணுக்கால்வரை சதை தேய்ந்துபோகிறது. நடக்க முடியாமல் கைகளை ஊன்றித் தவழ்கிறார். கைகள் மணிக்கட்டுவரை தேய்கின்றன. மார்பால் ஊர்கிறார், மார்பும் நைந்துபோகிறது. பிறகு உருள்கிறார். அதற்கும் தெம்பில்லாமல் கிடக்கும்போது முனிவர் வடிவில் இறைவன் வந்து, மனிதர்கள் போய்ச் சேரக்கூடிய இடமில்லை அது, திரும்பிப் போ என்கிறார். அடியார் மறுக்கிறார். அதற்கடுத்து நடப்பதைக் கதை கேட்கிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கயிலையைக் காட்டுவதற்கு முன்னால் இறைவன் அந்த உடம்பைச் சரிசெய்கிறார். எழுந்திரு என்ற குரலோடு தேய்ந்த உறுப்புகள் மீள்கின்றன. அப்புறம்தான் குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழச் சொல்கிறார். காட்சி அங்கே, காவிரிக் கரையிலேயே கிடைக்கிறது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அது இன்றும் விழாவாக நடக்கிறது.

அப்பரைச் சைவத்துக்கு இழுத்துவந்ததும் ஒரு வலிதான். சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு மதிப்பாக இருந்தவரின் குடலைச் சூலை நோய் பிடித்து முறுக்கியது. தாங்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். வலியைக் கொடுத்து அழைத்த அதே கடவுள், வலியைத் தாங்கிக்கொண்டு அடியார் உடம்பைத் தேய்த்தபோது போதும் என்று தடுத்திருக்கிறார். தமிழ்ப் பக்தி மரபில் வலிக்கு என்ன பொருள் என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காமல்போவது இதனால்தான்.

வலியே தெரியாத கால் இந்தக் கதைகளில் வருவதில்லை. இன்றைக்கு அது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருக்கிறது. பல வருஷம் சர்க்கரையோடு இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நரம்பு பாதிக்கப்படுகிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகெலும்பிலிருந்து கால்விரல் நுனிவரை போகிறவை. கெடுவதும் அவைதான் முதலில். அதனால் விரல் நுனியில் தொடங்கும் மரமரப்பு, காலுறை மாட்டியதுபோல மெல்ல மேலே ஏறுகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு பித்தவெடிப்பு விழுகிறது. பாதத்துச் சின்னத் தசைகள் பலம் இழந்து விரல்கள் மடங்கிக்கொள்ள, நடக்கும் பாரமெல்லாம் விரலடி மேட்டில் இறங்குகிறது. அங்கே தோல் காய்த்து, காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. ஒவ்வொரு படியிலும் வலிக்க வேண்டிய இடங்கள் இவை. ஒன்றும் வலிப்பதில்லை.

சர்க்கரை நோய்ப் பிரிவில் இதைக் கண்டுபிடிக்கும் கருவி விலை மலிவானது. ஒரு பிடியில் செருகிய நைலான் இழை, அவ்வளவுதான். பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் விசை வந்ததும் வளைந்துவிடும்படி செய்திருப்பார்கள். செவிலியர் முதலில் அதை நோயாளியின் கையில் தொட்டுக் காட்டுவார், எப்படி இருக்கும் என்று தெரிவதற்காக. "இப்ப கண்ணை மூடிக்குங்க பெரியவரே. கால்ல பட்டதும் 'ஆமா'ன்னு சொல்லுங்க." கட்டைவிரலில் வைக்கிறார், இழை வளைகிறது, எடுக்கிறார். விரலடி மேட்டில் ஒன்று, சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று. பெரியவர் கண்ணை மூடியபடி பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த காலும் முடிந்துவிடுகிறது. அப்போதும் "என்ன சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பல வருஷமாகச் செவிலியர் வேலையில் இருப்பவர்களுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கணம் பிடிக்கும்.

இந்தப் பத்து கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சர்க்கரை நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனை அது. தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சேர்த்துச் சோதித்து, பாதத்தில் புண் வந்தவர்களில் ஒருவருக்கும் பத்து கிராம் இழை தெரியவில்லை என்று அங்கே கண்டு 1986இல் எழுதினார்கள். இந்த இரண்டு நோய்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பார்வையை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் கொல்லிமலையில் பிறந்தவர்.

பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை 1929இல் மலைக்காய்ச்சலில் இறந்தார். தாய் முதுமைவரை மலைக்காடுகளிலேயே ஊழியம் செய்தார். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிராண்ட், அடுத்த வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனார். அங்கே பார்த்த கைகள் அவரை விடவில்லை. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். ஊர் அதைப் பாவத்தின் சம்பளம் என்றது. பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது, துருப்பிடித்த பூட்டில் சாவியை எலும்பு தெரியும்வரை திருகியது, முள் ஏறிய காலோடு நாள் முழுக்க நடந்தது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. ஆனால் சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லை. அதற்கும் விடை கிடைத்தது. எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது; அவர் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்தப் பூனை ஒரு சமயக் கேள்விக்குச் சொன்ன பதில் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். விரல் போனது முன்வினையால் என்று நம்புகிறவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. எலியால் என்று தெரிந்தவர் பூனை வளர்க்கலாம், காலுக்குத் துணி சுற்றிப் படுக்கலாம். விதியின் கணக்கில் இருந்த ஓர் அவயவம் வீட்டு வேலைகளின் கணக்குக்கு வந்துவிட்டது. அடியில் மெத்தென்று நுண்துளை ரப்பர் வைத்துச் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய்ப் பணியில் உருவாகி வளர்ந்ததும் இதே கணக்கில்தான். இன்று சர்க்கரை நோயாளிக்கு எழுதிக்கொடுப்பதும் அதே செருப்பைத்தான்.

பிராண்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி அவருக்கு இறையியல் கேள்வியாகவும் இருந்தது. தன் நினைவுக் குறிப்பில் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறார். நீண்ட பயணத்துக்குப் பிறகு லண்டனில் ஒரு விடுதி அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் தொற்றிவிட்டது என்று முடிவுகட்டி, மனைவி மக்களை விட்டு எங்கே ஒதுங்குவது என்று விடியவிடிய யோசித்தார். காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு நரம்பு அமுங்கி மரத்திருக்கிறது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். யாருக்கும் வேண்டாத பரிசு வலி என்ற பொருளில் 1993இல் ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தார்.

வலி ஒரு வரம் என்று சொல்வது எளிது. சொல்கிறவர் யார், எங்கே நின்று சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று, கடவுள் சோதிக்கிறார் பொறுத்துக்கொள் என்பவரின் வாயில் அது கொடுமையாகிவிடும். உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை கொப்புளத்தோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் நண்பர்கள் வந்து பேசியது அந்த மாதிரிப் பேச்சுதான். விவிலியமே அவர்களைக் கண்டிக்கிறது. பிராண்ட் வேறு இடத்தில் நின்றார். வலி இல்லாமல் போனவர்களின் கையையும் காலையும் ஆயிரக்கணக்கில் தொட்டுத் தைத்துச் சரிசெய்தவர் அவர். இல்லாமையிலிருந்து அதன் மதிப்பைக் கண்டவர்.

1966இல் அவர் கார்வில்லுக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது வேலூரில் பார்த்த புண்கள்தான் திரும்பவும் கண்ணில் பட்டன: அதே விரலடி மேட்டில், அதே வட்ட வடிவில். அட்லாண்டாவின் கிரேடி நினைவு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவை நடத்திய ஜான் டேவிட்சனிடம் இதைச் சொன்னார். டேவிட்சன் முதலில் நம்பவில்லை. பிறகு தன் பிரிவில் ஒரே ஒரு விதியைக் கொண்டுவந்தார். எதற்காக வந்திருந்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நோயாளியும் செருப்பையும் காலுறையையும் கழற்ற வேண்டும். நோயாளிக்கே தெரியாத புண்கள் அப்படித்தான் வெளியே வந்தன. பாதப் பராமரிப்பையும் போதனையையும் சேர்த்துச் செய்ததில் அங்கே கால் எடுப்பது பாதியாகக் குறைந்தது.

கார்வில்லில் பிராண்ட் இன்னொரு முயற்சியும் செய்தார். செயற்கை வலியைச் செய்துபார்ப்போம் என்று பொறியாளர்களைக் கூட்டி, அழுத்தம் அறியும் உணரிகள் பொருத்திய கையுறையும் காலுறையும் செய்தார். ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அக்குளில், உணர்ச்சி மிச்சமிருந்த இடத்தில், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சி வலித்தது, ஆனால் ஒரு திருகாணியை இறுக்கியே தீர வேண்டும் என்று தோன்றினால், அவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. மனிதன் நினைத்தால் அணைக்கக்கூடியது எதுவும் வலிக்கு ஈடாகாது என்று பிராண்ட் புரிந்துகொண்டார்.

செவிலியரின் போதனை எதிர்கொள்ளும் சிக்கலும் இதுதான். வலி கட்டளையிடும்; அறிவுரையால் கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும். முள் குத்திய கால் தானே தூக்கிக்கொள்கிறது, அதற்கு மனம் ஒப்ப வேண்டியதில்லை. மரத்த கால் அப்படி இல்லை. தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார் என்று சொல்லிக்கொடுத்ததை அந்த மனிதர் அன்றன்றைக்கும் புதிதாக ஒப்புக்கொண்டு செய்ய வேண்டும். களைப்பாக இருக்கும் நாளிலும், கல்யாண வீட்டிலும், தூக்கம் கண்ணைச் சுற்றும்போதும். மெய்யியல் வகுப்பில் விருப்பாற்றல் என்று எதைப் பற்றி விவாதிக்கிறார்களோ அது புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அதனால் நல்ல செவிலியர் விதிகளை ஒப்பிப்பதில்லை. உதாரணத்துக்கு ஹவாய் செருப்பை எடுத்துக்கொள்ளலாம். மரத்த கால்காரர் வாசலில் ஹவாய் செருப்போடு கிளம்புவார், கடைத்தெருவுக்குப் போனபின் பார்த்தால் ஒரு காலில் செருப்பு இருக்காது. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியாது. விரலால் பிடித்து நடக்க வேண்டிய செருப்பு அது, பிடிக்கும் விரலுக்கோ உணர்ச்சி இல்லை. "பின்னாடி வார் வச்ச செருப்பு வாங்குங்க ஐயா" என்று சொல்வதற்கு முன்னால் "என்னைக்காவது செருப்பு கழண்டதே தெரியாம நடந்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வார். அந்த அம்மா சொன்ன கணத்தில் பாடம் பாதி முடிந்துவிடுகிறது.

மீதி, சின்னச் சின்னக் காரியங்கள். செருப்பை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுவது, உள்ளே கல்லோ ஆணியோ இருக்கலாம். வெந்நீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது. குதிகால் வெடிப்புக்கு எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் ஈரம் நிற்கக் கூடாது. நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டாம். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் தின்னும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பாதத்தைப் பார்க்கலாம். கண் மங்கியவர்களுக்குப் பேத்தியின் கண் போதும். சொல்லி முடித்ததும் செவிலியர் கேட்கும் கேள்விதான் முக்கியம்: "வீட்டுக்குப் போய்ப் பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? எங்கிட்ட ஒருதரம் சொல்லிக் காட்டுங்க பாப்போம்." புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சொல்லிக் காட்டச் சொன்னால்தான் விட்டுப்போனது எது என்று தெரியும்.

பிறகு வேண்டுதல் வருகிறது.

பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை, சபரிமலைக்கு மாலை, செப்டம்பரில் வேளாங்கண்ணி நடை, மாரியம்மன் கோயிலில் தீமிதி. வெறுங்காலோடு போவது இவற்றில் பலவற்றுக்கு உயிர். கோடை மதியத்தில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் சுடுவது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள், வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். உணர்ச்சி உள்ளவர் துள்ளித் துள்ளி ஓடி நிழலுக்குப் போய்விடுவார். மரத்த கால்காரர் நிதானமாக மூன்று சுற்று சுற்றுவார். பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்பார்கள், அவருக்கும் சாமியே தாங்குகிறது என்று தோன்றலாம். அன்று ராத்திரியோ மறுநாளோ பாதம் முழுக்கக் கொப்புளம். இப்படி யாத்திரைக் கொப்புளத்தோடு வருகிறவர்களைத் தென்னிந்தியாவின் பாத மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

இங்கே ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிட வேண்டும். வெறுங்கால் நடையில் கடவுளுக்குக் கொடுப்பது என்ன? சூட்டையும் முள்ளையும் அவருக்காகத் தாங்குகிறேன் என்பதுதான் அந்த விரதத்தின் உள்ளே இருக்கும் சொல். தாங்குவதற்கு வலி தெரிய வேண்டும். தெரியாத காலில் தாங்குதல் நடப்பதே இல்லை. ஒரு மனிதர் தன் பாதத்தை, தான் அறியாமலே, கொடுத்துக்கொண்டிருக்கிறார். அப்பர் அறிந்து தேய்த்த உடம்பையே இறைவன் ஏற்றுக்கொண்டு அப்படியே விடவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் காட்சி தந்தார். அறியாமல் தேயும் காலை அவர் கேட்பார் என்று நினைக்கப் பெரியபுராணத்தில் இடமில்லை.

செருப்பு தீட்டு என்ற தயக்கத்துக்கும் அதே நூலில் மறுமொழி உண்டு. காளத்தி மலையில் திண்ணனார், பின்னாளில் கண்ணப்பர், லிங்கத்தின் மேலிருந்த பூக்களைத் தன் காலில் இருந்த செருப்பாலேயே விலக்கினார். கையில் இறைச்சியும் வாயில் திருமஞ்சன நீருமாக வந்தவருக்கு வேறு வழியில்லை. அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் பதறினார், சிவன் பதறவில்லை. அந்தச் செருப்பின் ஸ்பரிசம் தனக்கு உவப்பானது என்று இறைவனே சிவகோசரியாரின் கனவில் வந்து சொன்னதாகக் கதை. மறுபக்கமும் இருக்கத்தான் செய்கிறது. கயிலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனார். மரபு இரண்டையும் வைத்திருக்கிறது. எதை எடுத்துக் காலில் மாட்டிக்கொள்வது என்பதை நம் கையில் விட்டிருக்கிறது.

செவிலியர் இந்தக் கதைகளையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. போகாதே என்று தடுத்தால் நோயாளி சொல்லாமல் போவார், அது இன்னும் மோசம். "முருகனுக்கு வேண்டிக்கிட்டேம்மா, செருப்பு போட்டா குத்தமாயிடும்" என்று ஒரு தாத்தா சொன்னால், "வேண்டுதலை விட வேண்டாம் தாத்தா. உங்களுக்காக உங்க பையன் நடக்கட்டும். நீங்க பஸ்ல போய் விடிகாலையில தரை சூடேறுறதுக்குள்ள கும்பிட்டுட்டு வாங்க. கோயில் வாசல்வரைக்கும் செருப்பு, உள்ளே கனமான துணி உறை. வெளிய வந்ததும் முதல் வேலை, பாதத்தைப் பாருங்க" என்று சொல்லலாம். ஒருவருக்காக இன்னொருவர் காவடி எடுப்பது நம் ஊரில் இருக்கும் வழக்கம்தான். நடைக்குப் பதில் அன்னதானமோ முடிகாணிக்கையோ ஆகுமா என்று குருக்களிடமோ குடும்பத்துப் பெரியவர்களிடமோ கேட்டுக்கொள்ளவும் சொல்லலாம்.

நம்பிக்கையோடு சண்டை போடாமல் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்பதற்குக் கணக்கே இருக்கிறது, நோன்பு விஷயத்தில். நோயாளிகள் நோன்பைத் தள்ளிவைக்கலாம், நோற்க இயலாதவர்கள் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. ஆனாலும் சர்க்கரை நோயுள்ள பெரும்பாலான முஸ்லிம்கள் ரமலானில் நோன்பு வைக்கவே விரும்புகிறார்கள். லண்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவுக்கு ரமலானுக்கு முன்பே உணவு, மருந்து நேரம், நோன்பை எப்போது முறிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த குழுவில் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகள் 9இலிருந்து 5 ஆகக் குறைந்தன. மற்ற குழுவில் 9 என்பது 36 ஆனது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்று மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்லியிருக்கிறார்கள். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இந்த இரண்டு செய்தியையும் பள்ளிவாசலில் இமாம் சொன்னால் மருத்துவமனைச் சுவரொட்டியைவிட வேகமாகப் பரவும்.

பாவம் என்ற பேச்சுக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். தொழுநோயாளிக்கு முன்ஜென்மப் பாவம் சொன்ன ஊர், சர்க்கரை நோயாளிக்கு இந்த ஜென்மத்துப் பாவம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வாயைக் கட்டவில்லை என்பது அது. கால் விரல் கறுத்து வந்து படுத்திருப்பவரிடம் சொந்தக்காரர்களும், சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும், லட்டு தின்ற கணக்கைக் கேட்கிறார்கள். பரம்பரை, வயது, அரிசிச் சோறு தவிர வேறில்லாத வறுமை, மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை, இவ்வளவும் சேர்ந்து வந்த நோய் அது. குற்றவாளியாக நிற்கிறவர் புண்ணை மறைப்பார். பாதத்தைக் காட்டினால் திட்டு விழும் என்று தெரிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார். கால் எடுக்க நேர்கிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் முதலில் ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியிருக்கும் என்பதால், அந்த மறைத்த சில நாள் காலுக்கு விலையாகிவிடுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அக்கா "காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டால், கிரேடியில் நடந்தது கிருஷ்ணகிரியிலும் நடக்கும்.

வலி பரிசு என்ற பிராண்டின் வாதம் இத்தனை தூரம் கை கொடுத்தாலும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நரம்பு கெட்ட கால் சிலருக்கு ராத்திரியில் நெருப்பாக எரிகிறது. போர்வை பட்டால்கூடத் தாங்காது. அதே காலில் ஆணி குத்தினால் தெரியாது. பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் மனித உடலைப் பற்றி எழுதி, அவர் இறந்த பின் 1660களில் வெளிவந்த நூலில் ஒரு படம் உண்டு: ஒரு சிறுவனின் பாதம் நெருப்பருகே, பாதத்திலிருந்து மூளைக்கு ஒரு நூல், கோயில் மணிக்கயிறு மாதிரி, இங்கே இழுத்தால் அங்கே மணி அடிக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் கயிறு அறுந்துபோயிருக்கிறது, ஆனால் மணி தானாக விடாமல் அடிக்கிறது. இந்த வலி எதையும் எச்சரிக்கவில்லை, யாரையும் காக்கவில்லை. இதைப் பரிசு என்று சொல்ல எந்த இறையியலுக்கும் உரிமையில்லை. இது வெறும் துன்பம், குறைக்க வேண்டியது, குறைக்க மருந்தும் உண்டு.

அந்த இரவு எரிச்சலை நோயாளி சொல்லும்போது நம்புவதுதான் செவிலியரின் முதல் வேலை. வெளியே பார்க்கக் கால் நன்றாக இருப்பதால் வீட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஐஸ் தண்ணீரிலோ சுடுதண்ணீரிலோ காலை வைக்காதீர்கள், இரண்டும் தெரியாமலே புண்ணாக்கும் என்று சொல்லி, பிரிகாபலின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளில் எது இவருக்கு ஒத்துவரும் என்று கேட்க மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒருநாள் அவர் சந்தோஷமாக வந்து, "எரிச்சல் தானா நின்னுடுச்சு சிஸ்டர், அம்மன் கண்ணைத் திறந்துட்டா" என்று சொல்லக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் வந்தோ மருந்து வேலை செய்தோ நின்றிருக்கலாம். எரிந்துகொண்டிருந்த நரம்பு முழுசாகச் செத்துப்போயும் நின்றிருக்கலாம். எது என்று அவருக்கும் தெரியாது, பார்த்த மாத்திரத்தில் செவிலியருக்கும் தெரியாது. அந்த நல்ல சேதியைக் கேட்டவுடனே காலை நீட்டச் சொல்லி மறுபடி சோதித்துவிட வேண்டும்.